இந்த வருஷம் மேளம் யாரு?



பொங்கல் பானை அடுப்பை விட்டு இறங்குவதற்குள் நம் பக்கத்துக் கோயில்களில் கூட்டம் போட ஆரம்பித்து விடுவார்கள். நாற்காலியை வட்டமாகப் போட்டு, கணக்குப் புத்தகத்தை நடுவில் வைத்து, தண்ணீர்ப் பந்தல் யார், அன்னதானம் யார், பந்தல்காரருக்கு முன்பணம் யார் கொடுப்பது என்று ஆண்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். பின்னால் கோப்பி கலக்கிக் கொண்டிருக்கும் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த வருஷம் மேளம் யாரு?"

இந்தக் கேள்விக்கு இப்போதெல்லாம் பதில் வரத் தாமதமாகிறது. அதைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

நான் இருப்பது கீழ்ப் பேராக்கில், தெலுக் இந்தானில். 1982-இல் பெயர் மாறிவிட்டது என்றாலும் எங்கள் பெரியவர்களின் வாயில் இன்னமும் அது தெலுக் அன்சன்தான். பிறந்து வளர்ந்தது அங்கிருந்து கடற்கரைப் பக்கமாகப் போகும் சாலையில் ஒரு தோட்டம். முதலில் ரப்பர், பிறகு செம்பனை. லயங்களை இடித்து வெகு காலம் ஆகிறது. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. கோயில் மட்டும் இருக்கிறது. நாங்கள் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் சிதறிக் கிடந்தாலும், ஆடி மாதம் வந்தால் கார் பிடித்து, மோட்டார் பிடித்து, அந்தச் செம்மண் பாதையில் போய்ச் சேர்ந்து விடுகிறோம். உங்களில் பலருக்கும் இதே கதைதானே?

இனி வரப் போகும் ஏழு மாதமும் நம் பக்கத்து மக்களுக்குக் கண்ணுக்கும் காதுக்கும் விருந்து. முதலில் தைப்பூசம். வசதி உள்ளவர்கள் பத்துமலைக்குப் போவார்கள். நம்மில் நிறையப் பேர் ஈப்போ குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலோடு நிறுத்திக் கொள்வோம். பிறகு பங்குனி உத்திரம். பஸ் பேசி, புளிச்சோறு கட்டி, பகாங் மாரான் மரத்தாண்டவர் கோயிலுக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் போகும் கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் பிறகு எங்கள் ஊருக்கென்றே உள்ள திருவிழா, நகரத்தார் கோயில் சித்ரா பௌர்ணமி. தெலுக் இந்தான் அன்றைக்குத் தெலுக் இந்தானாகவே இருக்காது. பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங், லங்காப் என்று சுற்றுவட்டாரத்துத் தோட்ட மக்கள் எல்லாம் அன்று அங்கேதான். கடைசியாக ஆடி. அது பெரிய ஊர்த் திருவிழா அல்ல. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு மாரியம்மன், ஒவ்வொரு மாரியம்மனுக்கும் ஒரு கரகம், ஒரு கூழ்ப்பானை. எந்த ஞாயிற்றுக்கிழமை எந்தத் தோட்டத்தில் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருப்பவள் நான். என் மகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

பெரிய திருவிழாக்களில் மேளத்துக்குக் குறைவில்லை. ஒரு காவடிக்கு ஒரு உருமி மேளக் குழு என்று வந்து, ஒருவர் அடிப்பது இன்னொருவர் காதில் விழாத அளவுக்கு நெரிசல். நாதஸ்வரம் வாசிப்பவரைக் கேட்க வேண்டுமானால் கூட்டம் கலையும் வரை காத்திராமல், சுவாமி புறப்படும் நேரத்துக்குக் கோயில் வாசலில் இருக்க வேண்டும். அப்போதுதான் மல்லாரி வாசிப்பார்கள். புறப்பாட்டுக்கென்றே உள்ள இசை அது. அதில் பாட்டுக்கு வார்த்தை கிடையாது. ஆச்சா மரக் குழலும் பலா மரத் தவிலும் மட்டும் பேசும். குழலில் தொங்கும் நூலில் நாலைந்து சீவாளி ஆடுவதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். நாணல் தட்டையில் செய்த அந்தச் சின்னப் பொருள் ஈரமாக இருந்தால்தான் குழலுக்கு உயிர். வாசிப்பவர் அதை உதட்டில் வைத்து நனைத்துப் பார்த்து, சரியில்லை என்றால் வேறொன்றை மாட்டுவார். தவில்காரரின் வலது கை விரல்களில் வெள்ளையாகக் கூடு மாட்டியிருக்கும். இடது கையில் குச்சி. இதெல்லாம் ஒலிபெருக்கிப் பெட்டியில் தெரியுமா?

என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. அப்பா பால்மரம் வெட்டியவர். விடியாத இருட்டில் தலை விளக்கோடு காட்டுக்குப் போய், மதியம் காண்டா வாளியோடு ஸ்டோருக்குத் திரும்பும் கை. அதே கை திருவிழாவில் பம்பை அடித்தது. ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டை மேளத்தை இடுப்போடு சேர்த்துக் கட்டிக் கொண்டு, ஆற்றங்கரையில் கரகம் ஜோடித்து முடிக்கும் வரை, அங்கிருந்து கோயில் வந்து சேரும் வரை, நிறுத்தாமல் அடிப்பார். அவரோடு ஒருவர் உடுக்கை, இருவர் தப்பு. நால்வருமே மரம் வெட்டிகள். யாரிடமும் பணம் கொடுத்துக் கற்றுக் கொண்டவர்கள் அல்லர். அவரவர் அப்பா அடித்ததைப் பார்த்து, மத்தியானம் பால் வாளியின் அடியில் தட்டிப் பழகியவர்கள்.

அப்போதெல்லாம் மேளக்காரர்களுக்குப் பந்தலில் இடம் கிடையாது. சமையல் கொட்டகைக்குப் பின்னால் ஒரு நாரத்தை மரம், அதன் அடியில்தான். பந்தி எல்லாம் முடிந்து, பாத்திரம் கழுவ ஆரம்பிக்கும் நேரத்தில் அவர்களுக்கு இலை போகும். சாமியையே மேளம் அடித்து அழைத்து வந்தவர்களுக்கு, சாமி வந்த பிறகு அந்த இடம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த காரணம்தான். தோலைத் தொடுகிறவன் என்பார்கள். ஊரை விட்டுக் கப்பலேறி வந்தபோது இதையும் மூட்டையில் கட்டிக் கொண்டு வந்து விட்டோம்.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு வருஷம் அம்மா, முதல் பந்திக்கு இலை போட்டுக் கொண்டிருந்தவர், நாலு இலையைத் தனியாக எடுத்துக் கொண்டு போய்ப் பந்தலின் நடு வரிசையில் விரித்தார். பிறகு நாரத்தை மரத்தடிக்குப் போய், "ஏங்க, வந்து உட்காருங்க. அண்ணே, நீங்களும் வாங்க" என்றார். சத்தம் போடவில்லை. பந்தலே அமைதியாகி விட்டது. அப்பா அசையவில்லை. உடுக்கை அடிக்கும் பெரியவர்தான் முதலில் எழுந்தார். மெதுவாக நடந்து வந்து, துண்டை மடியில் போட்டுக் கொண்டு உட்கார்ந்தார். தப்பு அடிக்கும் இருவரும் வந்தார்கள். அப்பா கடைசியாக வந்தார். தலையை நிமிர்த்தாமலேயே சாப்பிட்டார். இரண்டு குடும்பம் பந்தியை விட்டு எழுந்து போனது. மற்றவர்கள் போகவில்லை. சோறு போட்டவர் ஒருவர் கை நடுங்க அப்பா இலையில் வடை வைத்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு அப்பாவும் அம்மாவும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக் கொண்டதாக எனக்கு நினைவில்லை. மறு வருஷமும் அம்மா நாலு இலை போட்டார்.

இன்றைக்கு நம் பிள்ளைகளைப் பாருங்கள். பதினைந்து இருபது பேர், ஒரே மாதிரிச் சட்டை, முதுகில் குழுவின் பெயர். பெண் பிள்ளைகளும் சேர்ந்து அடிக்கிறார்கள். உருமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது அது புலி மாதிரி உறுமும். அந்தச் சத்தம் கேட்டதும் காவடி எடுத்தவரின் காலில் ஒரு வேகம் வரும். எந்த வீட்டுப் பையன் என்று யாரும் விசாரிப்பதில்லை. என் தங்கை மகன் கைப்பேசியில் தன் குழுவின் படத்தைக் காட்டி, "பெரியம்மா, தாத்தா அடிச்சதுதானே இது?" என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்லச் சற்று நேரமாயிற்று. தாத்தா மறைத்து வைத்ததை இவன் சட்டையில் அச்சடித்துப் போட்டுக் கொண்டு திரிகிறான்!

இந்தப் பிள்ளைகள் மீது குறை சொல்வோர் உண்டு. காவடிக்குச் சினிமாப் பாட்டு அடிக்கிறார்கள், குழுவுக்குக் குழு போட்டி, சில இடத்தில் கைகலப்பு என்று. அடிதடியை நான் ஆதரிக்கப் போவதில்லை. அப்படிப்பட்ட குழுவை மறு வருஷம் அழைக்கக் கூடாது, அவ்வளவுதான். பாட்டு விஷயத்தில் மட்டும் எனக்கு அவ்வளவு கோபம் வருவதில்லை. கழுகுமலை முருகன் மேல் அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அதற்கும் மெட்டு நடந்து போகிறவன் காலில் இருந்துதான் வந்தது. நல்ல சிந்து நாலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் அதையும் அடிப்பார்கள். சொல்லிக் கொடுக்க யார் போகிறோம்?

மேளம் இல்லாத தைப்பூசம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் சிங்கப்பூரில் இருக்கும் நம் உறவினர்களைக் கேளுங்கள். அங்கே 1973 முதல் தைப்பூச ஊர்வலப் பாதையில் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் இருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை, அலகு குத்தியவர்களும் மேளமின்றி நடந்தார்கள். வாயால் பாடியும் கை தட்டியும் கூட வந்தவர்கள் ஈடு கட்டப் பார்த்தார்கள். 2016-இல்தான் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. 2019-இல் இன்னும் தளர்த்தினார்கள். நாற்பது ஆண்டுக்கு மேல் அவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கிய ஒன்றை நாம் இங்கே, யாரும் தடுக்காமல், நாமாகவே செலவுக் கணக்கில் அடித்து விடுகிறோம்.

அடித்துத்தான் விடுகிறோம். எங்கள் தோட்டத்துக் கோயில் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பொருளாளர் நல்ல மனிதர். ஒரு காசு தவறாதவர். பந்தல், சமையல், பூ, மின்சாரம் எல்லாம் ஏறிவிட்டது. வரி கட்டும் குடும்பமோ வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. முன்பு தோட்டத்தில் சம்பளத்திலேயே கோயில் வரியைப் பிடித்து விடுவார்கள், இப்போது வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். அவர் சொன்ன வழி இதுதான்: "மேளத்த எடுத்துருவோம். நல்ல ஸ்பீக்கர் வாடகைக்கு இருக்கு. தம்பி பென்டிரைவ்ல எல்லாம் போட்டுத் தர்றேன்னு சொல்லுது." 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, திருவிழாவே இல்லாமல் போனதல்லவா? மறுபடி கோயில் திறந்தபோது குருக்களோடு நாலு பேர் நின்று, பதிவு செய்த நாதஸ்வரத்தைப் போட்டுப் பூசையை முடித்தோம். அந்த நேரத்துக்கு அது சரி. அப்போது பழகியதை இப்போது சிக்கனம் என்கிறார்கள். அந்த நாட்களில் வேலையில்லாமல் மேளத்தைப் பரணில் ஏற்றிய கலைஞர்களில் எத்தனை பேர் திரும்ப இறக்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

கூட்டத்தில் பெண்கள் பேசுவது எங்கள் கோயிலில் வழக்கமில்லை. நான் பேசினேன். "அண்ணே, கரகம் எடுக்கிறவங்க யாரப் பார்த்து ஆடுவாங்க?" என்று கேட்டேன்.

விளங்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தலையில் பூக்கரகம். கை பிடிக்காமல் நடக்க வேண்டும். வேப்பிலையும் பூவும் சேர்ந்த கனத்தோடு ஆற்றங்கரையில் இருந்து வருகிறவருக்குப் பாதி வழியில் கால் தளரும். அது மேளக்காரருக்குத் தெரியும். அப்பா கரகக்காரரின் முகத்தைப் பார்க்க மாட்டார், பாதத்தைப் பார்ப்பார். பாதம் இழுபட்டால் அடியை இறுக்குவார். மூச்சு வாங்கினால் மெதுவாக்குவார். பள்ளம் வரும் இடத்தில் ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப அடித்து, அவர் தாண்டும் வரை அங்கேயே நிற்பார். ஒரு வருஷம் மழையில் பாலம் வழுக்கியபோது, கால்மணி நேரம் அப்படி நின்றார்கள். பென்டிரைவ் நிற்குமா? பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டுக்குப் போய்விடும், கரகம் பாலத்தின் நடுவில் இருந்தாலும்.

மயிலாட்டமும் பொய்க்கால் குதிரையும் அப்படித்தான். கட்டையின் மேல் ஏறி நின்று, இடுப்பில் குதிரைக் கூட்டை மாட்டிக் கொண்டு ஆடுகிறவருக்குத் தாளம் ஒரு ஊன்றுகோல். பழைய தெருக்கூத்தைப் பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். எங்கள் தோட்டத்தில் சனிக்கிழமை இரவில்தான் கூத்து; ஞாயிறு பெரட்டு இல்லை என்பதால் விடிய விடிய நடக்கும். கேஸ் லாம்பு வெளிச்சத்தில் அரிச்சந்திரன் சுடுகாட்டில் நிற்பான், சந்திரமதி வேஷம் போட்ட மீசை மழித்த கங்காணி மகன் அழுவார், நாங்களும் அழுவோம். கட்டியக்காரன் வந்து கிராணியையும் மண்டோரையும் சாடை பேசும்போது, அந்தக் கிராணியும் முன் வரிசையில் இருந்து சிரிப்பார். மறுநாள் அதைச் சொன்னால் வேலை போய்விடும். கூத்தில் சொன்னால் போகாது. எந்த ஒலிநாடா அந்தக் கிராணியின் முகத்தைப் பார்த்து வசனத்தை மாற்றும்?

கூட்டத்தில் இவ்வளவும் நான் பேசவில்லை. கரகத்தை மட்டும் கேட்டேன். கரகம் எடுப்பவரே எழுந்து, "மேளம் இல்லன்னா நான் எடுக்கல தலைவரே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு பேச்சு வேறு மாதிரி போயிற்று. முடிவு இதுதான்: மூன்று நாள் நாதஸ்வரம் ஒரு நாளாகக் குறைந்தது. கரக ஊர்வலத்துக்கும் தீமிதிக்கும் மேளம் உண்டு. மற்ற நேரத்துக்குப் பென்டிரைவ். இரண்டாம் நாள் இரவில் காலியாகக் கிடந்த மேடையில் நாங்கள் பெண்கள் கும்மி அடிக்கிறோம் என்று ஒப்புக் கொண்டிருக்கிறோம். பதினான்கு பேர் சேர்ந்திருக்கிறோம். அதில் ஐந்து பேருக்கு முழங்கால் வலி. ஞாயிறு மாலையில் தாமான் மண்டபத்தில் பழகுகிறோம். மருமகள் ஒருத்தி கோலாட்டமும் கற்றுக் கொடுக்கிறாள்.

உங்கள் கோயிலிலும் இந்தப் பேச்சு வந்தால் ஒன்றிரண்டு விஷயம் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். மேளத்தை இப்போதே பேசி விடுங்கள். ஆடி ஞாயிற்றுக்கிழமைகள் நாலோ ஐந்தோதான், அத்தனை தோட்டத்துக்கும் அதே நாட்கள். கடைசி நேரத்தில் தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கூடும். பேசிய பணத்தை அன்றைக்கே, மேளத்தை வண்டியில் ஏற்றும் முன் கொடுங்கள். "அடுத்த வாரம் வந்து வாங்கிக்கோ தம்பி" என்பது வேண்டாம். அந்தப் பிள்ளை தொழிற்சாலையில் இரவு வேலையை விட்டுவிட்டு வந்திருப்பான். தண்ணீரைக் கேட்கும் முன் கொடுங்கள். சாப்பாட்டுக்கு எந்தப் பந்தி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்களுக்குப் பேசியிருக்கும் குழுவின் தலைவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். போன ஞாயிறு மோட்டாரில் இடம் பார்க்க வந்தான். முன்பணம் எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை. "அக்கா, நெருப்பு போட இடம் இருக்குமா?" என்று கேட்டான். உருமிக்கெல்லாம் பிளாஸ்டிக் தோல் மாட்டிவிட்டார்களாம். தப்பு நாலு மட்டும் இன்னும் மாட்டுத் தோல். கடற்காற்று வீசும் எங்கள் பக்கத்தில் பொழுது சாய்ந்தால் தோல் தொய்ந்து விடும், காய்ச்சிக் காய்ச்சித்தான் அடிக்க வேண்டும். அது அவனுக்குத் தெரிந்திருந்தது. சமையல் கொட்டகைக்குப் பின்னால், அந்த நாரத்தை மரம் இருந்த பக்கமாக அவனே கையைக் காட்டி, "அங்க போட்டுக்கலாமாக்கா?" என்றான்.

"அங்க வேணாம் தம்பி. பந்தலுக்கு முன்னால போடுங்க. தென்னை மட்டை நாங்க கொண்டாந்து வைக்கிறோம்" என்றேன்.